பைலட்டா, சீகோ ஃபைவா, ஃபேவர் லூபாவா, ஒமேகாவா? பழைய வாட்ச் வாங்கக் கிளம்பிய தம்பிக்கு

சித்தப்பா மகனுக்கு வேலை கிடைத்து ஆறு மாதம் ஆகிறது. கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் பழைய வாட்ச் ஒன்று கட்ட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. புது வாட்ச் வாங்கினால் ஆபீசில் நாலு பேர் கையில் இருப்பதுதான் தன் கையிலும் இருக்கும் என்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் நான்கு படங்களை அனுப்பி, "அண்ணா, இதுல எது எடுக்கலாம்?" என்று கேட்டான். எச்எம்டி பைலட் ஒன்று, சீகோ ஃபைவ் ஒன்று, ஃபேவர் லூபா சீ கிங் ஒன்று, அப்புறம் எங்கிருந்தோ ஓர் ஒமேகா. நாலும் இணையத்தில் விற்பனைக்கு வந்தவை.

அவன் கேட்டது எது நல்ல வாட்ச் என்று. ஒரிஜினலாக இருந்தால் நாலுமே நல்ல வாட்ச்தான். அதனால் நான் வேறு மாதிரி யோசித்தேன். ஏமாற்று வேலை எதிலும் இருக்கலாம். பணம் கைமாறுவதற்கு முன்னால், பெரிய அனுபவம் இல்லாத இவனால் அதை எதில் கண்டுபிடிக்க முடியும்? படத்திலேயே தெரிந்துவிடுமா, கையில் வாங்கிப் பார்த்தால் தெரியுமா, பின்மூடியைக் கழற்றினால்தான் தெரியுமா, கழற்றினாலும் தெரியாதா? பெயரையும் அழகையும் தள்ளி வைத்துவிட்டு இந்தக் கணக்கில்தான் நாலையும் எடை போட்டேன்.

இப்படி யோசிக்க வைத்தது என் சொந்த நஷ்டம். சில வருடங்களுக்கு முன் நானும் இணையத்தில் ஒரு சீ கிங் வாங்கினேன். மயில்கழுத்து நிறத்தில் டயல், கீறலே இல்லாத கண்ணாடி, பளபளவென்று கேஸ். விலை இரண்டாயிரத்துச் சொச்சம். ஐம்பது வயது வாட்ச் எப்படி நேற்றுப் பெயின்ட் அடித்த சைக்கிள் மாதிரி இருக்கிறது என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு மாதத்தில் நின்றுபோனது. எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஆறடி அகலக் கடை வைத்திருக்கும் வாட்ச் ரிப்பேர் பாயிடம் கொண்டுபோனேன். அவர் பின்மூடியைத் திறந்து, கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு குனிந்தார். நிமிரும்போதே சிரிப்பு.

"தம்பி, டயல்லதான் ஃபேவர் லூபா. உள்ள இருக்கறது நம்ம எச்எம்டி மெஷின்."

மெஷினை வெளியே எடுத்து டயலின் அடிப்பக்கத்தையும் காட்டினார். டயலுக்குப் பின்னால் சின்னதாக இரண்டு கால்கள் இருக்கும். அந்தக் கால்கள் மெஷினில் உள்ள துளைகளில் உட்கார்ந்துதான் டயல் அசையாமல் நிற்கும். ஒவ்வொரு வகை மெஷினுக்கும் துளைகளின் இடம் மாறும். ஒரு கம்பெனி டயலை இன்னொரு கம்பெனி மெஷினில் உட்கார வைக்க வேண்டுமானால் கால்களை வெட்டிவிட்டுப் பசையாலோ இருபுறமும் ஒட்டும் டேப்பாலோ ஒட்ட வேண்டியதுதான். என்னுடையதில் டேப். கோடையில் அது இளகி, டயல் நகர்ந்து முள்ளில் இடித்திருக்கிறது. வாட்ச் நின்றதற்கு அதுதான் காரணம்.

பழைய வாட்சில் "டூப்ளிகேட்" என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வது உண்மையில் மூன்று வேறு சமாச்சாரம். அடி முதல் நுனி வரை போலி என்பது ஒன்று. வாட்ச் ஒரிஜினல், டயலை மட்டும் புதிதாகப் பெயின்ட் அடித்து எழுத்து அச்சிட்டது இன்னொன்று, அதாவது ரீடயல். மூன்றாவது கலப்பு: நாலைந்து செத்த வாட்சுகளின் உறுப்புகளைச் சேர்த்து ஒன்றாக்குவது. வெளிநாட்டு வாட்ச் பிரியர்கள் இதற்கு ஃபிராங்கன்வாட்ச் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் நாட்டிலிருந்து போகிற பளபள ரீடயல்களுக்கும் கலப்புகளுக்கும் அவர்களிடையே "மும்பை ஸ்பெஷல்" என்றே பட்டப்பெயர் உண்டு. நம் சந்தையில் முழுப் போலியைவிட இந்தப் பின்னிரண்டும்தான் அதிகம் கண்ணில் படுகின்றன. முழுசாகப் போலி செய்வது செலவு. உடைந்த எச்எம்டியும் பெயின்ட்டும் மலிவு.

சரி, நாலு படங்களுக்கு வருவோம்.

ஃபேவர் லூபாவை நான் முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். சூடுபட்ட பூனை என்று நினைக்க வேண்டாம், காரணம் இருக்கிறது. 1737இல் சுவிட்சர்லாந்தின் லெ லோக்ல் ஊரில் வேர்விட்ட பெயர் அது. 1865 முதல் இந்தியாவில் விற்பனை. நூறு வருடத்துக்கும் மேலாக இங்கே விற்றதால் வீட்டுக்கு வீடு இருந்தது, மாப்பிள்ளைக்குப் போடும் வாட்சாகவும் இருந்தது. பிறகு பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்ச் வந்து சுவிஸ் கம்பெனிகள் பலவற்றைச் சாய்த்தபோது இதுவும் தள்ளாடியது. பெயர் ஊரெல்லாம் தெரியும், உடைந்த வாட்சுகள் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும், புது உதிரி வராது. ரீடயல் தொழிலுக்கு இதைவிடத் தோதான சூழ்நிலை வேறில்லை.

ஆனாலும் ஒரு வசதி உண்டு. ஃபேவர் லூபாவின் பொய் பின்மூடியைத் திறந்த கணமே பெரும்பாலும் வெளுத்துவிடும். மெஷினில் கம்பெனியின் பெயரும் காலிபர் எண்ணும், அதாவது மெஷின் எந்த வகை என்று சொல்லும் எண்ணும், வெட்டியிருக்கும். டயலில் "ட்வின் பவர்" என்று எழுதியிருந்தால் உள்ளே ஸ்பிரிங் சுருளுக்கான பேரல் இரண்டு இருக்க வேண்டும், ஒன்று மட்டும் இருந்தால் கதை முடிந்தது. பக்கத்தில் நம்பகமான ரிப்பேர்காரர் இருந்து, விற்பவரும் அவர் கடைக்கே வந்து திறந்து காட்டச் சம்மதித்தால் தாராளமாக வாங்கலாம். கூரியரில் வருவதாக இருந்தால் வேண்டாம்.

எச்எம்டியில் கதை நேர்மாறு. திறந்து பார்த்து ஒரு பிரயோஜனமும் இல்லை என்றே சொல்லலாம்!

ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியின் தொழில்நுட்ப உதவியோடு பெங்களூரில் எச்எம்டி வாட்ச் தயாரிப்பு தொடங்கியது 1961இல். முதல் தொகுதியை வெளியிட்டவர் பிரதமர் நேரு. குவார்ட்ஸ் வாட்சுகளோடு டைட்டன் சந்தைக்கு வந்தபின் அரசு நிறுவனத்தால் ஈடுகொடுக்க முடியவில்லை. 2016 ஜனவரியில் எச்எம்டி வாட்சஸை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. நம் ஜனங்களைப் பற்றித் தெரியாதா, கடையில் கிடைத்தவரை சீந்தவில்லை, மூடப்போகிறார்கள் என்றதும் தேட ஆரம்பித்தார்கள். அந்தத் தேடலில் விலை ஏறியது பைலட்டுக்குத்தான். கறுப்பு டயல், ரேடியம் பூசிய முள், சாவி கொடுக்கும் மெஷின். உண்மையிலேயே அழகான வாட்ச்.

சிக்கல் என்னவென்றால், பைலட்டுக்குள் இருக்கும் 0231 மெஷின்தான் எச்எம்டியின் இன்னொரு மாடலான ஜனதாவுக்குள்ளும் இருக்கிறது. உராய்வைக் குறைக்கும் அதே பதினேழு ஜுவல் கற்கள், அதே மணிக்கு 18,000 துடிப்பு. ஜனதா லட்சக்கணக்கில் ஓடிய ஏழை வாட்ச். அதன் வெள்ளை டயலைக் கழற்றி, கறுப்படித்து, மேலே பைலட் என்று எழுதினால் விலை உடனே ஏறுகிறது. திறந்து பார்த்தால் அசல் எச்எம்டி மெஷின், அசல் எண், அசல் முத்திரை. பொய் முழுவதும் டயலில் மட்டுமே. ஆகவே பைலட் வாங்குகிறவன் டயலைப் படிக்கத் தெரிந்தவனாக இருக்க வேண்டும்.

டயலைப் படிப்பது பழகினால் வரும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொண்டால் போதும், சில நூறு ரூபாய்தான். கம்பெனி அச்சில் எழுத்தின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். மையின் கனம் எழுத்து முழுவதும் ஒரே சீராக இருக்கும். மறு அச்சில் விளிம்பு கசிந்திருக்கும், வளைவுகளில் மை தேங்கியிருக்கும், "எஸ்" எழுத்தின் இரண்டு வயிறுகளும் இரண்டு அளவில் இருக்கும். அடுத்து நிமிடக் கோடுகள். பன்னிரண்டு மணிக் குறிக்கு நேராக அறுபதாவது நிமிடக் கோடு நிற்கிறதா, அல்லது மயிரிழை விலகியிருக்கிறதா? கம்பெனியில் விலகாது. கையால் மறு அச்சடிக்கும் இடத்தில் விலகும். கடைசியாக ஆறு மணிக்குக் கீழே, டயலின் ஓரத்தில், தயாரித்த நாட்டைச் சொல்லும் பொடி எழுத்து. பெயின்ட் அடிக்கிறவர்கள் சோம்பல்படுவது பெரும்பாலும் அங்கேதான். அந்த வரி காணாமல் போயிருக்கும், இல்லையென்றால் தடித்துப்போய்ப் பாதி கண்ணாடி வளையத்துக்குள் ஒளிந்திருக்கும்.

ரேடியத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இருட்டில் ஒளிரும் பூச்சு எதுவானாலும் நம் ஊரில் ரேடியம்தான். நிஜ ரேடியம் சுவிஸ் வாட்சுகளில் 1960களின் தொடக்கத்தோடு ஏறக்குறைய வழக்கொழிந்தது. பிறகு வந்தது ட்ரிட்டியம். அதன் வீரியம் பன்னிரண்டேகால் வருடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். ஆக, 1970இல் செய்த வாட்ச் இன்றைக்கு விடிய விடிய ஒளிர்ந்தால் அந்தப் பூச்சு புதிது. விற்பவர் அதைப் பெருமையாகப் படம் எடுத்துப் போட்டிருப்பார், நமக்கு அதுவே சாட்சி. கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கை அடித்து அணைத்துப் பார்க்கலாம். பழைய பூச்சு விளக்கு இருக்கும்வரை கொஞ்சம் மினுங்கி உடனே மங்கிவிடும், புதுப் பூச்சு நின்று எரியும். முள்ளிலும் டயலிலும் ஒரே மாதிரி நிறம் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். முள் வெள்ளையாகவும் டயல் புள்ளிகள் பழுப்பாகவும் இருந்தால் இரண்டில் ஒன்று வந்தேறி. ரொம்பப் பழைய வாட்ச் என்றால் வீட்டில் வைத்து நீங்களே பிரித்து அந்தப் பூச்சைச் சுரண்டவேண்டாம். நிஜ ரேடியத்தின் பாதி ஆயுள் 1,600 வருடம். ஒளி செத்திருக்கும், கதிர் செத்திருக்காது.

இத்தனையும் பார்க்கப் பொறுமை இருந்தால் பைலட் வாங்கலாம். இல்லையென்றால் எச்எம்டிதான் வேண்டும் என்பவனுக்கு என் யோசனை ஜனதாவே. வெள்ளை டயல் மஞ்சளடித்து, ஓரத்தில் ஒன்றிரண்டு புள்ளி விழுந்த ஜனதா. அந்த அழுக்கை யாரும் காசு செலவழித்துப் பூசமாட்டார்கள்.

சீகோ ஃபைவுக்கு நான் கொஞ்சம் பாரபட்சம் காட்டுவேன், முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்த மாமாக்கள் கையில் பார்த்து வளர்ந்த தலைமுறை என்னுடையது. கிழமையும் தேதியும் ஒரே ஜன்னலில், சாவி நான்கு மணிப் பக்கம் ஒதுங்கி உள்ளடங்கி, கை அசைவிலேயே ஓடும் ஆட்டோமேட்டிக். ஆனால் இதைச் சிபாரிசு செய்வதற்குக் காரணம் அந்த நினைவு இல்லை. சீகோ தன் வாட்சின் மேல் எழுதி வைத்திருக்கும் எண்கள் ஒன்றையொன்று காட்டிக்கொடுக்கும்.

பின்மூடியைத் திறக்கவே வேண்டாம், திருப்பினால் போதும். 7009-3130 என்பதுபோல் ஓர் எண் இருக்கும். கோட்டுக்கு முன்னால் இருப்பது மெஷினின் காலிபர், பின்னால் இருப்பது கேஸின் எண். இப்போது டயலின் ஆறு மணி ஓரத்தை லென்ஸில் பாருங்கள். அங்கேயும் பொடி எழுத்தில் ஜப்பான் என்றும் ஓர் எண்ணும் இருக்கும். அதன் முதல் நான்கும் 7009ஆக இருக்க வேண்டும். பின்பகுதி ஒத்துப்போக வேண்டியதில்லை, அது டயலின் எண். இது தெரியாமல் நல்ல வாட்சைப் போலி என்று தள்ளுகிறவர்களும் இருக்கிறார்கள். டயல் 6119 என்றும் மூடி 7009 என்றும் சொன்னால் கலப்பு. டயலில் எண்ணே இல்லையென்றால் பெயின்ட் அடித்தது என்று சந்தேகிக்க வேண்டும்.

மூடியில் தனியாக ஆறு இலக்க வரிசை எண்ணும் உண்டு. முதல் இலக்கம் வருடத்தின் கடைசி எண், இரண்டாவது மாதம். அக்டோபருக்கு ஒரு வட்டம், நவம்பருக்கு "என்", டிசம்பருக்கு "டி". 83 என்று தொடங்கினால் எட்டில் முடியும் ஏதோ ஒரு வருடத்தின் மார்ச். 1978ஆ 1988ஆ என்பதை எண் சொல்லாது, அந்தந்தக் காலத்து டயல், கேஸ் வடிவத்தை வைத்துத்தான் தீர்க்க வேண்டும். 7009 என்று மூடி சொல்லி, உள்ளே 7எஸ்26 மெஷின் இருந்தால் அதுவும் கலப்புதான். அந்த மெஷின் வந்ததே 1996இல்.

இன்னொரு சின்ன வேடிக்கை. விற்பவரிடம் போனில் ஸ்லோ மோஷன் வீடியோ கேளுங்கள். அந்தக் காலத்து சீகோ ஃபைவின் 7009 மணிக்கு 21,600 துடிப்பு, அதாவது விநாடி முள் ஒரு விநாடியை ஆறு சிறு அடிகளில் கடக்கும். எச்எம்டி 0231 ஐந்து அடிகளில். விநாடிக்கு ஒரு முறை டக்கென்று குதித்தால் உள்ளே பேட்டரி மெஷின். நான் முதல்முறை எண்ணியபோது சின்னப்பிள்ளை மாதிரி நாலு தடவை எண்ணினேன்.

சீகோவிலும் பெயின்ட் உண்டு. ஆரஞ்சு, கிளிப்பச்சை, ரோஸ் என்று சீகோ கனவிலும் பூசாத நிறங்களில் வருகின்றன. எண்கள் ஒத்துப்போனாலும் அதே காலிபர் வாட்ச் இரண்டைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கலாம். அதை நான் பெரிய குற்றமாக எடுத்துக்கொள்ளமாட்டேன். நாலைந்தாயிரம் ரூபாய் வாட்சில் முள் ஒன்று மாறியிருந்தால் குடிமுழுகிவிடாது. முக்கியம் என்னவென்றால், மூடியும் டயலும் தெளிவாகத் தெரியும் இரண்டு படங்கள் இருந்தால் வீட்டில் உட்கார்ந்தபடியே முக்கால்வாசி சோதனை முடிந்துவிடும். மற்ற மூன்றில் எதற்கும் இந்த வசதி கிடையாது.

ஒமேகாவைப் பற்றி அவனிடம் நான் சொன்னது ஒரே ஒரு சம்பவம்தான். 2021 நவம்பரில் ஜெனீவாவில் நடந்த ஃபிலிப்ஸ் ஏலத்தில் 1957ஆம் வருட மாடல் ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்று விலைபோனது. டயல் வெயிலில் பழுப்பேறிய அபூர்வ வகை. முப்பத்தோரு லட்சம் சுவிஸ் ஃபிராங்குக்கு மேல். வாங்கியது யார் தெரியுமா? ஒமேகாவே, தன் அருங்காட்சியகத்துக்காக. 2023இல் அது பல வாட்சுகளின் உறுப்புகளைச் சேர்த்துச் செய்த கலப்பு என்று வெளியே வந்தது. முன்னாள் ஊழியர்களே இதில் சம்பந்தப்பட்டிருந்ததாக ஒமேகா சொன்னது. செய்த கம்பெனியையே அதன் பழைய வாட்சைக் காட்டி ஏமாற்ற முடியும் என்றால், போனில் படம் பார்த்து வாங்கும் என் தம்பி எம்மாத்திரம்!

எல்லா ஒமேகாவிலும் இந்த அளவு வேலை நடக்காது என்பதும் உண்மை. சீமாஸ்டர், ஜெனீவ் போன்ற சாதாரண 1960களின் ஒமேகா மாடல்களைத் திறந்தால், செம்பு நிறப் பூச்சுள்ள மெஷினில் மூன்று இலக்கக் காலிபர் எண்ணும் நீளமான வரிசை எண்ணும் இருக்கும். மூடியின் உட்புறம் கேஸின் எண் இருக்கும். மூன்றும் ஒரே காலத்தைச் சொல்கின்றனவா என்று பார்ப்பது தெரிந்தவருக்குப் பத்து நிமிட வேலை. ஆனால் அந்தத் தெரிந்தவர் வேண்டும், வாட்ச் அவர் மேஜையில் திறந்து கிடக்க வேண்டும். எண்களும் மெஷினைப் பற்றி மட்டுமே பேசும், அதன் மேல் உட்கார்ந்திருக்கும் டயலைப் பற்றிப் பேசாது. விலையோ டயலில்தான் இருக்கிறது. நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ரோலெக்ஸ் டேடோனா 2017 அக்டோபரில் நியூயார்க்கில் ஒரு கோடியே எழுபத்தேழு லட்சம் டாலருக்கு விலைபோனது. அது அவர் கையில் இருந்த வாட்ச் என்பதற்கான விலை என்பது சரி. ஆனால் அதே வகை டயல் உள்ள மற்ற டேடோனாக்களும் சாதாரண டயல் உள்ளவற்றைவிடப் பல மடங்கு விலைபோகின்றன, கேஸும் மெஷினும் ஒன்றாகவே இருந்தாலும். ஒரு தகட்டில் இவ்வளவு பணம் இருந்தால் அந்தத் தகட்டை மட்டும் செய்து விற்க ஆள் வராமல் இருப்பானா? முதல் சம்பளப் பணத்தில் இறங்கும் களம் இல்லை இது.

ஐந்தாவதாக ஒரு வழியும் அவனுக்குச் சொன்னேன். சொந்தக்காரர் வீட்டுப் பீரோக்களில் ஓடாமல் கிடக்கும் வாட்ச். எங்கள் பெரியப்பா வீட்டில் ஒரு வெஸ்ட் எண்ட் கிடக்கிறது. கேட்டால் கொடுப்பார். சர்வீஸ் செலவு மட்டும்தான். அதில் பொய்யே இருக்காது என்று மட்டும் நினைக்க வேண்டாம். அந்தக் காலத்தில் டயல் கறுத்துப்போனால் கடையில் கொடுத்துப் புதிதாக அடித்து வாங்குவது வீட்டுக்கு வெள்ளையடிப்பது மாதிரி சாதாரண விஷயம். தாத்தாவே ஆசையாக 1975இல் ரீடயல் செய்திருப்பார். விற்பவர் அதை மறைத்தால்தான் ஏமாற்று. தாத்தா செய்தது தாத்தாவின் ரசனை. தம்பிக்கு இந்த யோசனை ருசிக்கவில்லை. வெஸ்ட் எண்ட் பார்க்க ரொம்பச் சின்னதாக இருக்கிறதாம்.

ஆக, சீகோ ஃபைவ் என்று முடிவானது. அவன் அனுப்பியது வேண்டாம் என்றேன், அதன் டயல் செங்கல் நிறத்தில் ஜொலித்தது. கொஞ்சம் மங்கிய, கண்ணாடியில் கீறல் விழுந்த, பாலிஷ் போட்டு விளிம்பெல்லாம் வழவழவென்று தேய்ந்துபோகாத ஒன்றைத் தேடச் சொன்னேன். விற்பவரிடம் கேட்க வேண்டியவற்றையும் எழுதிக்கொடுத்தேன். வெயிலில் எடுத்த பின்மூடிப் படம். ஆறு மணி ஓரம் தெரியும்படி டயலின் நெருக்கப் படம். ஓடும் வீடியோ. முடிந்தால் மெஷின் படம். ஒரிஜினலா என்று கேட்கவே கூடாது, அதற்கு ஒரே பதில்தான் வரும். டயல் மறுபடி அடித்ததா என்று நேராகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள். பொருந்தவில்லையென்றால் திருப்பி எடுத்துக்கொள்வாரா என்பதையும் கேள்.

மூன்றாவது நாள் ஒரு நல்ல சாம்பல் டயல் 7009 கிடைத்திருப்பதாகச் சொன்னான். முன்பக்கப் படம் எட்டு வந்திருந்தது, எட்டும் அருமை. பின்பக்கத்தைக் கேட்டு இன்றோடு ஒன்பது நாள். "அனுப்பறேன் பிரதர்" என்று பதில் மட்டும் தவறாமல் வருகிறதாம்.